துவைகல்

புலியூர்க்குறிச்சியில் இறங்கி
கோட்டைச் சுவரை இடப்பக்கம் வைத்து நடந்தால்
ரப்பர் தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு இரும்பு கேட்.
பூட்டு உண்டு. மதில் பாதிதான்.
பட்டாளத்தான்விளை என்பார்கள்.
கிராமக் கணக்கில் புறம்போக்கு.
எங்கள் பதிவேட்டில்: கல்லறைகள், நாற்பத்தொன்று.

எண்ணிப் பார்த்தேன். நாற்பதுதான்.

தினக்கூலிக்கு என் வேலை
ஆடு விரட்டுவது, சருகு கூட்டுவது,
சீட்டாட வருகிறவர்களிடம் 'அண்ணா, எழும்புங்க' என்பது,
மாதம் ஒருமுறை எண்ணுவது.

எண்ணும்போது வாசிப்பேன்.
வாசிக்கக் கிடைப்பது கொஞ்சம்.
தென்மேற்கு ஒரு பக்கம் நக்கும்,
வடகிழக்கு மறுபக்கம்.
இரண்டு மழை பெய்கிற ஊரில்
செத்தவனின் பெயர் சீக்கிரம் கரையும்.
மிச்சத்தைப் புஷ்பராசு கான்ட்ராக்டர் முடித்துவைத்தார்.
தொண்ணூற்றெட்டில், மந்திரி வருகிறார் என்று
பதினேழு கல்லறைக்குச் சிமென்ட் பூசி
மேலே நீல டிஸ்டம்பர்.
மந்திரி வரவில்லை.

மிக்கேல் நாயகம் கொத்தனார் இரண்டு வருடமாய்
அந்தச் சிமென்ட்டை உரிக்கிறார்.
பல் டாக்டர் கையில் இருப்பதுபோலச் சின்ன உளி.
நாளொன்றுக்கு உள்ளங்கை அகலம்.
உரிந்த இடத்தில் சில நாள் ஓர் எழுத்து இருக்கும்.
சில நாள் சிமென்ட்டோடு அதுவும் பெயர்ந்து வரும்.
அன்றைக்கு அவர் டீ குடிக்க மாட்டார்.

ஆபீஸில் பழைய கணக்கின் நகல் ஒன்று உண்டு.
கொல்லம் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து, ஆடி.
ஒன்பது நாளில் பதினான்கு குழி.
பீரங்கி வார்த்த ஊரில்
ஒருவனும் குண்டுபட்டுச் சாகவில்லை. காய்ச்சல்.
குழிவெட்டுக் கூலி, குழிக்கு இரண்டு பணம்;
மழையில் வெட்டியதற்குக் கூட ஒன்று.
வெட்டியவன் பெயர் எழுதவில்லை.
பேரம் பேசியிருக்கிறான் என்பது மட்டும் தெரிகிறது.

நாற்பத்தொன்றாவது
தங்கலீலா வீட்டுக் கிணற்றடியில் கிடந்தது,
குப்புற, முப்பத்தாறு வருடமாய்.
"நல்ல கல்லாக்கும். சோப்பு வழுக்காது.
நீங்க கொண்டுபோனா நான் எதுல துவைக்க?
டிப்பார்ட்மென்டு தலையிலயா?"

நான்கு பேர், ஒரு கடப்பாரை, ஒரு லாரி டியூப்.
புரட்டினோம்.
மண்புழு, மரவட்டை,
எப்போதோ தொலைந்த ஒரு சேலை ஊக்கு.
வாளித் தண்ணீரை அவளே ஊற்றினாள்.

நாற்பதில் ஒன்றிலும் இல்லாத தெளிவு.
உளி பட்ட கூர்மை விரலில் உறுத்தியது.
மேலே ஒரு சின்ன முரசு, குறுக்கே இரண்டு குச்சி.
வில்லியம் ஹாட்ஜ்.
முரசுப் பையன்.
வயது பதினான்கு.

ஈரக்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு
பதினாலா, என்றாள் தங்கலீலா.
"நாலு பிள்ளையளுக்க மூத்திரத்துணி,
அவருக்க கைலி, ஆஸ்பத்திரிப் போர்வை,
எல்லாம் இவனுக்க முதுகுலல்லா அடிச்சேன்."
சிரித்தாள்.
சிரித்து முடித்தபிறகு
கிணற்றுக் கயிற்றை
அவசியமில்லாமல் ஒருமுறை சுருட்டிவைத்தாள்.

படிவம் நிரப்பினேன்.
அளவு. கிடைத்த இடம். நிலை: மிக நன்று.
'இதுவரை பாதுகாக்கப்பட்ட முறை' என்ற கட்டத்தில்
துணி துவைத்து, என்று எழுதினேன்.
மேலதிகாரி அதைச் சிவப்பு மையில் அடித்து
'மண்ணில் புதைந்து' என்று திருத்தினார்.
மாற்றுக்கல்லுக்கு நிதி இல்லை என்றும்.
மிக்கேல் நாயகம் தன் வீட்டுப் படிக்கல்லில் ஒன்றைப் பெயர்த்து
ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்தார்.
"வழுக்குது," என்றாளாம்.

எண்ணிக்கை இப்போது சரி.
கல்லை நட்ட இடம் ஊகம்தான்,
குழி எதுவென்று கேட்க ஆளில்லை.
இடவப்பாதி இந்த முறை முந்திவிட்டது.
கூரை இல்லாத வெளியில்
முதல் சாரல் நேராக அந்த முரசின்மேல் விழுந்தது.
தார்ப்பாய் கேட்டு எழுதியிருக்கிறேன்,
இரண்டாவது கடிதம்.

இருட்டினபிறகு போய்
பழையபடி குப்புறப் போட்டுவிடலாமா என்று
மிக்கேல் நாயகத்திடம் கேட்டேன்.
டீ குடித்துக்கொண்டிருந்தார்.
கிளாஸைக் கீழே வைத்தார்.